டு டை ஃபார் (1995): சூசான் ஒருத்தி மட்டும்தானா டிவிப் பைத்தியம்?

#1 பழைய விசிஆர்

முப்பது வருஷப் படம். அதனால கடைசிக் காட்சி வரைக்கும் எதையும் மறைக்காமப் பேசப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, இழை எங்கயும் ஓடிடாது.

கஸ் வான் சான்ட் இயக்கம். நியூ ஹாம்ப்ஷயர்ல லிட்டில் ஹோப்னு ஒரு கற்பனை ஊர். சூசான் ஸ்டோனுக்கு (நிக்கோல் கிட்மன்) சின்ன வயசுலேர்ந்து ஒரே கிறுக்கு: டிவில வரணும். இத்தாலிய உணவகம் நடத்துற குடும்பத்துப் பையன் லாரியைக் (மாட் டில்லன்) கட்டிக்கறா. உள்ளூர் கேபிள் ஸ்டேஷன்ல எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, மேனேஜரை நச்சரிச்சே வானிலை வாசிக்கிற இடத்தைப் பிடிக்கறா. அப்புறம் பள்ளிக்கூடப் பசங்களைப் பத்தி டாகுமெண்டரி எடுக்கறேன்னு கிளம்பி, யாரும் சீண்டாத மூணு பேரைச் சேர்த்துக்கறா: ஜிம்மி (ஹோக்கின் ஃபீனிக்ஸ்), ரஸ்ஸல் (கேஸி அஃப்ளெக்), லிடியா (அலிசன் ஃபாலண்ட்). லாரி "வேலையை விடு, குழந்தை பெத்துக்கலாம், உணவகத்துல கூடமாட இரு"ன்னு ஆரம்பிச்சதும் அவன் கதை முடிஞ்சுது. ஜிம்மியை வளைச்சுப் போட்டு அவன் கையாலயே புருஷனைத் தீர்த்துக்கட்டறா.

பெரும்பாலான விமர்சனங்கள் இதைப் "பேராசை பிடிச்ச பொண்ணு, அவளுக்கு வந்த முடிவு"ன்னு சுருக்கிட்டுப் போயிடும். எனக்கு அது பத்தலை. இந்தப் படத்துல யார் யார் கேமராவைப் பார்த்துப் பேசறாங்கன்னு கொஞ்சம் கவனிங்க. சூசான் வெள்ளைப் பின்னணிக்கு முன்னாடி உட்கார்ந்து பேசறா, சரி, அவ அப்படித்தான். நாத்தனார் ஜானிஸ் (இலியானா டக்ளஸ்) ஐஸ் அரங்கத்துல நின்னு பேட்டி குடுக்கறா. ஜிம்மி ஜெயில்லேர்ந்து பேசறான். லிடியா பேசறா. இதெல்லாத்துக்கும் மேல, மகனைப் பறிகுடுத்த அப்பா அம்மாவும், கொலைகாரின்னு பேரெடுத்தவளோட அப்பா அம்மாவும் ஒரே டாக் ஷோ மேடைல பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க! யாராவது கூப்பிட்டிருக்காங்க, இவங்களும் நல்ல துணியா எடுத்து உடுத்திட்டு வந்திருக்காங்க.

டிவில வராதவன் இந்த நாட்டுல ஆளே இல்லைங்கறது சூசானோட வேதம். கதையில அதை எல்லாரும் கிண்டல் பண்றாங்க. ஆனா ஒவ்வொருத்தரா வந்து அதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போறாங்க. முக்கியமானவங்கள்ல கேமராவைப் பார்த்துப் பேசாதவன் லாரி ஒருத்தன்தான், அவனும் செத்துட்டதால.

படம் யாரைக் குத்தறதுன்னா, என் கணக்குல சூசானை இல்லை. மாற்றுக் கருத்து இருந்தா வாங்க.


#2 செவ்வந்தி

மாற்றுக் கருத்து இருக்குங்க.

கிட்மன் நடிப்புக்கு ஒரு பெரிய கும்பிடு. அதை வெச்சுட்டு மத்ததைப் பேசலாம். நீங்க சொல்ற "எல்லாருமே டிவி ஆசாமிங்கதான்"ங்கறது காகிதத்துல அழகா இருக்கு. தண்டனைப் பட்டியலை எடுத்துப் பாருங்க. பேட்டி குடுத்த பெத்தவங்களுக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை. லிடியாவுக்கு? நாடு முழுக்கப் பேரு. ஜானிஸுக்கு? கடைசியில சந்தோஷமா ஸ்கேட்டிங் ஆடறா. எதுக்கு மேல? உறைஞ்ச ஏரிக்கு மேல, அண்ணிக்காரி பொணம் அடியில கிடக்கு. பின்னணியில டோனோவனோட சூனியக்காரிப் பாட்டு. பார்க்கிற நமக்கும் "அப்பாடா"ன்னு இருக்கணும்னுதான் அந்தக் காட்சி.

பக்கத்துலயே இன்னொரு படத்தை வைங்க. ஸ்கோர்செஸியோட கிங் ஆஃப் காமெடி. அதே டிவி வெறிதான். ரூபர்ட் பப்கின் ஒரு பெரிய டாக் ஷோ நடத்துனரைக் கடத்திக் கட்டிப்போட்டு அந்த ஷோவுல ஏறிடறான். ஜெயிலுக்குப் போறான், வர்றான், புத்தகம் வருது, மேடையில அவன் பேரைச் சொல்லி வரவேற்கறாங்க. அது நெசமா அவன் கனவான்னு நாம வாதாட ஒரு இடமும் விட்டு வெச்சிருக்காங்க. ஆம்பளைக்கு ஆசை வந்தா பரிதாபம், புதிர், விவாதம். பொம்பளைக்கு வந்தா ஐஸ் பெட்டி.


#3 ராப்பாடி

ரூபர்ட் யாரையும் கொல்லலைங்க.


#4 செவ்வந்தி

அதுதாங்க நான் கேக்கறதும். அவனைக் கொல்ல வெக்காம எழுதினாங்க, இவளைக் கொல்ல வெச்சு எழுதினாங்க.


#5 வாய்தா

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். "கொல்ல வைத்து எழுதினார்கள்" என்பதில் பாதிதான் சரி, கொலை நிஜமாக நடந்தது.

படத்துக்கு மூலம் ஜாய்ஸ் மேனார்ட் 1992-இல் எழுதிய நாவல். நாவலுக்குத் தூண்டுதல் நியூ ஹாம்ப்ஷயரின் பமீலா ஸ்மார்ட் வழக்கு. 1990 மே 1 அன்று டெர்ரி என்ற ஊரில் அவருடைய கணவர் வீட்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். பமீலாவுக்கு அப்போது 22 வயது. பள்ளி நிர்வாகத்தில் ஊடகப் பிரிவு வேலை. சுட்டவன் அங்கே படித்த மாணவன், அவருடன் உறவில் இருந்தவன். கூட அவன் நண்பர்கள். மாணவி ஒருத்தி உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியை மாட்டிக்கொண்டு போய்ப் பமீலாவைப் பேச வைத்தாள். வழக்கின் முதுகெலும்பே அந்த டேப்தான். 1991 மார்ச் 22 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. பரோல் இல்லாத ஆயுள்.

ஒயரை மாட்டிக்கொண்ட பெண், பள்ளிக்கூடப் பையன்கள், ஊடக வேலை என்று எல்லாமே படத்தில் அப்படியே இருக்கிறது. மாறியது கொலைக்கான நோக்கம். பமீலா ஊடகப் படிப்புப் படித்தவர். ஃபுளோரிடாவில் படிக்கும்போது கல்லூரி வானொலியில் ஹெவி மெட்டல் நிகழ்ச்சி நடத்தியவர். டிவி செய்தியாளர் ஆகும் ஆசையும் இருந்தது. ஆனால் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்ன நோக்கம் டிவி அல்ல. விவாகரத்தானால் கையை விட்டுப் போகக்கூடிய சொத்து, காப்பீட்டுப் பணம், அந்தப் பையனுடனான உறவு, இவைதான்.

அப்படியானால் டிவி எங்கே வந்தது? கொலைக்குப் பிறகு வந்தது. உள்ளூர் ஸ்டேஷனான டபிள்யூஎம்யூஆர் தன் வழக்கமான நிகழ்ச்சிகளைத் தள்ளி வைத்துவிட்டு விசாரணையை நேரலையில் காட்டியது. நீதிமன்ற வழக்குகளுக்கென்றே தனி கேபிள் சேனல் தொடங்கியது அதற்குச் சில மாதம் கழித்து. தீர்ப்பு வந்த அதே 1991-இல் ஹெலன் ஹண்ட் நடித்து சிபிஎஸ்ஸில் டெலிஃபிலிமே வந்துவிட்டது. ஜூரியில் இருந்த ஒருவர் விசாரணை நடந்த நாட்களில் தன் எண்ணங்களை டேப்பில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார். 2014-இல் எச்பிஓ எடுத்த ஆவணப்படத்தில் அந்தக் குரலைக் கேட்கலாம்.

நிஜத்தில் ஒரு கொலை நடந்தது, அதை டிவி வந்து தின்றது. படத்தில் ஒருத்திக்கு டிவிப் பசி, அதனால் கொலை நடந்தது. காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. கேமராக்காரர்களுக்கு இருந்த பசியை எடுத்து ஒரு பெண்ணின் மண்டைக்குள் வைத்துவிட்டார்கள். செவ்வந்தி சொல்வதில் எனக்கு உடன்பாடான இடம் இதுதான்.


#6 பேச்சிமுத்து

என்னவே இது, கேஸ் கட்டப் பிரிச்ச மாதிரி ஆளாளுக்குப் பேசுதீக. படம் சிரிப்பா இருந்துச்சா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல.

எனக்கு அந்தக் கேபிள் ஸ்டேஷன் இண்டர்வியூ போதும். ரெண்டு மூணு ஆளு, ஒரு கேமரா, அம்புட்டுதான் ஸ்டேஷனே. அந்த மேனேஜரு (வேய்ன் நைட்) காப்பி வாங்கியாறதுக்கு ஒரு ஆளு தேடிக்கிட்டு இருக்காரு. இந்தப் புள்ள தேசிய நெட்வொர்க்குல சேரப் போற மாதிரி கோட்டு சூட்டுல வந்து உக்காந்து, பெரிய டிவிக்காரங்க மேல வந்த கதையெல்லாம் எடுத்து வுடுது. அந்தாளு மொகத்தப் பாக்கணுமே! "சம்பளம் ரொம்பக் கம்மிம்மா"ங்கான். இவ காதுல எங்க வுழுது.

அப்பறம் நாய்க்குட்டி பேரு வால்ட்டர். அமெரிக்க டிவி நியூஸ்ல பெரும்புள்ளியா இருந்த வால்ட்டர் கிராங்கைட் நெனப்புல வச்ச பேரு. புருஷன் செத்து அடக்கம் பண்ணுத எடத்துல சின்ன டேப் ரிக்கார்டர வச்சு "ஆல் பை மைசெல்ஃப்" பாட்டப் போடுதாளே, நான் வுழுந்து வுழுந்து சிரிச்சேன். எங்க வீட்டம்மா "எழவு வீட்டப் பாத்துச் சிரிக்கீகளே"ன்னு எந்திரிச்சுப் போய்ட்டா.


#7 வன்னி ஓடை

வணக்கம் உறவுகளே. நான் இருக்கிறது கனடாவில, பிராம்ப்டனில. இந்தப் படத்தில வாற "லிட்டில் ஹோப்" எண்ட ஊரில ஒரு பங்கு எங்கட பிராம்ப்டன்தான். கிங் சிட்டியிலயும் எடுத்தவை. நியூ ஹாம்ப்ஷயர் எண்டு எழுத்துப் போட்டுக் காட்டுறது முழுக்க ஒன்டாரியோ. இண்டைக்கு அந்தப் பக்கம் போனால் நாலு கடைக்கு ஒரு கடை எங்கட ஆக்கள், இல்லாட்டிப் பஞ்சாபி ஆக்கள். 94இல எடுக்கேக்க நிலைமை வேற.

கடைசியில சூசானைக் கூட்டிக்கொண்டு போறவர் ஆர் எண்டு ஒருத்தரும் எழுதேல்லையே? டேவிட் குரோனென்பெர்க். ரொறொன்ரோவில பிறந்து வளர்ந்த இயக்குநர். உடம்பு உருமாறி அழுகுற பயங்கரப் படங்களால பேர் எடுத்தவர். லாரியின்ர தகப்பன் (டான் ஹெடாயா) டிவியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அதில மருமகள் வந்து, லாரி போதைப்பொருள் பாவிக்கிறவன், அந்தப் பெடியள்தான் அவனுக்கு வித்தவங்கள் எண்டு புழுகுறாள். மனுசனுக்கு அப்பதான் முழுசா விளங்குது. ஆருக்கோ சொல்லி அனுப்புறார். வாறவர் துவக்கைத் தூக்கிக்கொண்டு வரேல்லை. "உங்கட வாழ்க்கைக் கதையைப் படமாக்கப் போறம்" எண்டு சொல்லிக்கொண்டு வாறார். அவள் சிரிச்சபடி போறாள்.

அவளுக்குப் போட்ட தூண்டிலில குத்தின புழு அதுதான். காசு காட்டியிருந்தால் யோசிச்சிருப்பாள். வெருட்டியிருந்தால் ஓடியிருப்பாள். கேமரா எண்டதும் கேள்வி இல்லாமல் வெளிக்கிட்டுட்டாள். அதோட, கொல்ல வாற ஆளாக ஒரு நிஜ இயக்குநரைக் கூப்பிட்டுப் போட்டிருக்கினம் பாருங்கோ, அந்தக் குசும்பு எனக்குப் பிடிக்கும்.


#8 பழைய விசிஆர்

வன்னி ஓடை, அருமை. பிராம்ப்டன்னு தெரியாது எனக்கு.

வாய்தா சொன்ன காரணம்–விளைவு மாற்றத்துக்கு வர்றேன். நீங்க அதைப் படத்தோட குறையா சொல்றீங்க. நான் அங்கதான் படம் சாமர்த்தியமா இருக்குன்னு நினைக்கிறேன். அந்தப் பசி அவ மண்டைக்குள்ள எப்படி வந்துச்சு? அவ கண்டுபிடிச்சதா? அவ பேசற பேச்சுல சொந்தமா ஒரு வாக்கியம் இருக்கான்னு தேடிப் பாருங்க. எல்லாமே பேட்டிகள்லயும் தன்னம்பிக்கைப் புத்தகங்கள்லயும் வர்ற வரிங்க. தேனிலவுக்கு ஃபுளோரிடா போன இடத்துல, புருஷன் மீன் பிடிக்கப் போனதும் அங்க நடக்கற ஊடக மாநாட்டுக்குள்ள நுழைஞ்சுடறா. பெரிய ஆள் ஒருத்தர் (ஜார்ஜ் சீகல், டைட்டில்ல பேர்கூட இருக்காது) முன்னேறத் துணிஞ்ச பொண்ணு எந்த எல்லைக்கெல்லாம் போகணும்னு மறைமுகமா ஒரு பாடம் எடுக்கறார். இவ அதை மனப்பாடம் பண்ணிட்டு வர்றா. டிவிதான் வாத்தியார், இவ முதல் பெஞ்ச் மாணவி.


#9 எடிட்டிங் டேபிள்

தொழில் சார்ந்து ஒன்றிரண்டு.

டைட்டில் காட்சியைத் தாண்டிவிடாதீர்கள். டேனி எல்ஃப்மன் இசை ஓட, சூசானின் முகம் பத்திரிகை அட்டைகளிலும் டேப்ளாய்டு தலைப்புகளிலும் வந்து வந்து போகிறது. கேமரா அந்த அச்சுப் படத்துக்குள் நெருங்கிக்கொண்டே போக, முகம் கரைந்து வெறும் மைப்புள்ளிகள் மிஞ்சுகின்றன. கதையின் முடிவு, அதாவது அவள் பிரபலமாகிவிட்டாள் என்பது, முதல் இரண்டு நிமிடத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. இனிமேல் பதற்றம் "நடக்குமா" என்பதில் இல்லை. எந்த விலைக்கு என்பதில்தான். துப்பறியும் கதையாக எடுத்திருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்காது.

அடுத்து, பக் ஹென்றியின் திரைக்கதை. 'தி கிராஜுவேட்' எழுதிய இருவரில் ஒருவர். மேனார்டின் நாவலே பல பேர் தன்மையில் மாறி மாறிச் சொல்லும் வடிவம் கொண்டது. புத்தகத்தில் அது வெறும் குரல் மாற்றம். ஹென்றி அந்தக் குரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிவி வடிவத்தைத் தைத்தார்: ஒருத்திக்கு ஸ்டுடியோ பேட்டி, ஒருத்திக்கு வெளிப்புறப் பேட்டி, பெற்றோருக்கு டாக் ஷோ சோபா, ஜிம்மிக்குச் சிறைப் பேட்டி. ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் வேறு, பின்னணி வேறு. பழைய விசிஆர் சொல்லும் "எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்" என்பது திரைக்கதையின் தையலிலேயே இருக்கிறது.

நடுவில் சாதாரணக் கதைக் காட்சிகளும் வருகின்றன, யாரும் யாருக்கும் பேட்டி கொடுக்காத காட்சிகள். அவற்றில் எனக்கு மறக்காதது, இரவில் கார் முன்விளக்கு வெளிச்சத்தில் சூசான் 'ஸ்வீட் ஹோம் அலபாமா'வுக்கு ஆடும் இடம். ஜிம்மி உட்கார்ந்து பார்க்கிறான். அவளுக்கு அந்த விளக்கு இரண்டும் ஸ்டுடியோ லைட். அவன் பார்வையாளர். காதலன் என்றெல்லாம் இல்லை, ரேட்டிங் கொடுக்கிற ஒரு ஆள். ஹோக்கின் ஃபீனிக்ஸின் அந்த வாய் பிளந்த மௌனத்தைப் பாருங்கள். சிறையில் இருந்துகொண்டு, முன்னெல்லாம் வானிலையைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை, இப்போது மழை, இடி, மின்னல் எது வந்தாலும் அவள் நினைப்புத்தான் என்று அவன் சொல்லும்போது (அவன் சொல்வது இன்னும் பச்சையாக இருக்கும்) சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.


#10 கேபிள் தம்பி

நான் பல வருஷம் ஒரு ஊர் கேபிள் சேனல்ல கேமரா பிடிச்சவன். அந்த அனுபவத்துல ஒரே ஒரு விஷயம் சொல்றேன்.

புதுசா வாசிக்க வர்றவங்களுக்குக் கண்ணு நிக்காது. லென்ஸைப் பார்ப்பாங்க, உடனே மானிட்டர்ல தன் மூஞ்சியைப் பார்ப்பாங்க, அப்புறம் நம்ம மூஞ்சியைப் பார்ப்பாங்க. "சார் சரியா இருக்கா"ன்னு கண்ணாலயே கேப்பாங்க. லென்ஸுக்குள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருக்கறதா நினைச்சுப் பேசறது லேசுப்பட்ட காரியம் இல்லை.

கிட்மன் அந்த வெள்ளைப் பின்னணிக் காட்சிகள்ல கண்ணை அசைக்காமப் பேசறாங்க. இமை கொட்டறதுகூட அளந்துதான். புருஷன் சாவைப் பத்திச் சொல்லும்போதும் அதே பார்வை, தலையை ஒரு பக்கம் லேசாச் சாய்ச்சு, பல் தெரிஞ்சும் தெரியாம. அதுவே வீட்டுக்குள்ள லாரி எதிர்ல உட்கார்ந்து பேசற காட்சில, கண்ணு அவன் மேல நிக்காது, எங்கயோ போயிட்டுப் போயிட்டு வரும். மனுஷன் மூஞ்சியைப் பார்த்தா தடுமாறும், லென்ஸைப் பார்த்தா நிலைக்கும். இதை டைரக்டர் சொல்லிக் குடுத்தாரா இவங்களே பிடிச்சாங்களான்னு தெரியாது, ஆனா அந்த ஒண்ணுக்கே அவங்களுக்கு எழுதிக் குடுத்துடலாம்.


#11 தூத்துக்குடி உப்பு

இதெல்லாம் என்ன பெரிய விஷயம், நம்ம ஊர் பிக் பாஸ்ல நடக்காததா? போன சீசன்ல


#12 மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் மீதி 14 பத்திகளை பிக் பாஸ் இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே படத்தைப் பற்றி மட்டும்.


#13 செவ்வந்தி

கேபிள் தம்பி, நல்லாப் பிடிச்சீங்க. இனி அந்த வீட்டுக் காட்சியைப் பார்க்கும்போது கண்ணைத்தான் பார்ப்பேன்.

விசிஆர் சார், "டிவிதான் வாத்தியார்"னு சொல்றதை ஏத்துக்கறேன். ஆனா அதே வாத்தியார்கிட்ட படிச்ச லிடியாவைப் பத்தி ஒருத்தரும் பேசலை. எனக்கு இந்தப் படத்துல நெஞ்சு வலிக்கிற இடம் லிடியாதான். குண்டான பொண்ணு, வசதி இல்லை, வகுப்புல யாரும் கூட உட்கார மாட்டாங்க. அழகா, பளிச்சுன்னு ஒரு அக்கா வந்து, நீ எனக்கு உதவியாளரா வரலாம், உடம்பைக் கொஞ்சம் குறைச்சா டிவிலயே வரலாம்ங்கற மாதிரி பேசறா. இந்தப் பொண்ணு கரைஞ்சு போயிடறா. ஜிம்மிக்காவது ஒரு ஆசைக்கு ஆசை கிடைச்சுது. லிடியாவுக்குக் கிடைச்சது வெறும் கவனிப்பு, அதுவும் பொய்.

அவளையே போலீஸ் ஒயர் மாட்டி அனுப்புது. சூசானும் வாயைத் திறந்து எல்லாத்தையும் கொட்டறா. ஆனா பொறி வெச்சுப் பிடிச்சதா ஆயி, சூசான் ஜாமீன்ல சிரிச்சுட்டே வெளிய வந்துடறா. வாய்தா சொன்ன நிஜ வழக்குல டேப்தான் ஆளை உள்ள தள்ளுச்சு. படத்துல டேப் ஒண்ணுத்துக்கும் உதவாமப் போகுது. அதனாலதான் மாமனார் "ஆள் அனுப்ப" வேண்டி வருது. சட்டத்தால முடியாததை ஒரு குடும்பத்து ஆம்பளை முடிச்சு வெக்கிறாரு, நாம கை தட்டறோம். இதுக்கு என்ன சொல்றீங்க?


#14 வாய்தா

நல்ல கேள்வி. நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்றம் செய்ததைப் படம் செய்யவில்லை என்பது வேண்டுமென்றே எடுத்த முடிவு. சூசான் நீதிமன்றத்தில் நின்றிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிகப் பெரிய மேடை அதுதான். தினமும் நேரலை. தினமும் வேறு உடை. பமீலாவுக்கு அதுதானே நடந்தது? உடையையும் தலைமுடியையும் முகத்தில் உணர்ச்சி இல்லாததையும் பேசிப் பேசியே செய்தி ஓட்டினார்கள். படம் அந்த மேடையை அவளுக்கு மறுத்துவிடுகிறது. அவளைப் பொறுத்தவரை விசாரணை இல்லாமல் போவதுதான் தண்டனை. ஏரி அதற்குப் பிறகுதான்.

படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது 1995 செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். ஓ. ஜே. சிம்ப்சன் வழக்கின் தீர்ப்பு அக்டோபர் 3. நாடே மாதக்கணக்கில் ஒரு கொலை வழக்கைத் தொடர் நாடகம் போலப் பார்த்து முடித்த வாரம் அது. அந்த வாரம் இந்தப் படத்துக்கு டிக்கெட் எடுத்துப் போனவர்களுக்கு நாம் செய்கிற இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

நிஜ வழக்கைப் பின்தொடர்பவர்களுக்கு: சுட்ட பையன் 2015-இல் பரோலில் வெளியே வந்துவிட்டார். பமீலா இன்னும் சிறையில். பல பத்தாண்டுகள் கொலைத் திட்டத்தில் தனக்குப் பங்கில்லை என்றே சொல்லி வந்தவர், 2024-இல் முதல் முறையாகப் பொறுப்பை முழுமையாக ஏற்று அறிக்கை விட்டார். அதுவும் வீடியோவில்தான்.


#15 பேச்சிமுத்து

அதுவும் வீடியோவுலயா. ஆத்தாடி.


#16 பழைய விசிஆர்

செவ்வந்தி, லாரியோட அப்பா ஜோ மரேட்டோ ஆள் அனுப்பறதுக்கு நாம கை தட்டறோம்ங்கறது நிஜம். ஆனா அவருக்குத் தகவல் எங்கேர்ந்து வந்துச்சு? டிவிலேர்ந்து. அனுப்பின ஆள் என்ன வேஷத்துல வந்தான்? சினிமா டிவிக்காரன் வேஷத்துல. கொன்ன பிறகு அதே மனுஷன் என்ன பண்றார்? டாக் ஷோ மேடைல உட்கார்ந்து மகனை நினைச்சு வருத்தப்படறார், பக்கத்துல சம்பந்தி. ஊர் பரிதாபப்படுது. குடும்ப மானத்தைக் காப்பாத்தின வீரர்னு படம் அவரைக் காட்டலை. கேமராவைப் பயன்படுத்தத் தெரிஞ்ச இன்னொரு ஆள்னுதான் காட்டுது. சூசானைவிட நல்லாவே தெரிஞ்சவர். அவர் கிழவர், ஆம்பளை, வியாபாரம் இருக்கு, கூப்பிட்டா வர்றதுக்கு ஆள் இருக்கு. இவகிட்ட இருந்தது ஒரு வானிலை வரைபடமும் மூணு பள்ளிக்கூடப் பசங்களும்.

லிடியா விஷயத்துல நீங்க சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். கடைசியா அவதான் பேசறா. எல்லாரும் எப்பவும் டிவில இருந்தா எல்லாரும் நல்லவங்களா ஆயிடுவாங்கன்னு சூசான் சொல்லுவாங்க. ஆனா எல்லாரும் டிவிலயே இருந்துட்டா பார்க்கறதுக்கு யாரும் மிஞ்ச மாட்டாங்களே, அதுதான் புரியலைங்கறா. முட்டாள்னு எல்லாரும் ஒதுக்கி வெச்ச பொண்ணு. மொத்தப் படத்துலயும் கணக்குப் போட்டுப் பார்த்தவ அவ ஒருத்திதான். அந்தக் கணக்கையும் நாடு முழுக்கப் பார்க்கப் போற பேட்டில உட்கார்ந்துதான் சொல்றா.


#17 எடிட்டிங் டேபிள்

நிக்கோல் கிட்மனுக்கு இந்தப் பாத்திரம் தானாக வந்து சேரவில்லை. அப்போது அவரை டாம் குரூஸின் மனைவி என்றுதான் பலருக்கும் தெரியும். வான் சான்ட்டுக்கு நேரடியாகப் போன் போட்டு, இதைச் செய்ய வேண்டியவள் நான்தான் என்று பேசி வாங்கினார். அடுத்த ஆண்டு நகைச்சுவைப் பிரிவில் கோல்டன் குளோப் கிடைத்தது. ஆஸ்கரில் பரிந்துரைகூட இல்லை.


#18 செவ்வந்தி

பார்த்தீங்களா! ஒரு பொண்ணு விடாம முயற்சி பண்ணி, பெரிய மனுஷனுக்கே போன் போட்டு, "நான்தான் சரியான ஆள்"னு அடிச்சுப் பேசி, திரையில வந்து, ஜெயிச்சிருக்கா. நிஜத்துல அதுக்குப் பேரு உழைப்பு, துணிச்சல். அதையே சூசான் கேபிள் ஸ்டேஷன்ல பண்ணினா நமக்குச் சிரிப்பு. வித்தியாசம் என்னன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம். ஒருத்தருக்குத் திறமை இருந்துச்சு, இன்னொருத்திக்கு இல்லை, அவ்வளவுதானா?


#19 ராப்பாடி

நடுவுல ஒரு கொலை இருக்குங்க.


#20 செவ்வந்தி

நீங்க இதே ஒரு வரியை வெச்சுத்தான் இந்த இழையை ஓட்டிட்டு இருக்கீங்க.


#21 ராப்பாடி

வலுவான வரி. வாய்தா சார்கிட்ட கேட்டுப் பாருங்க.


#22 வன்னி ஓடை

நீங்கள் சண்டை பிடியுங்கோ. பக் ஹென்றியும் இந்தப் படத்தில வாறார், பெடியளைப் போட்டு வெருட்டுற வாத்தியாராக. மேனார்டும் ஒரு வக்கீலாக வந்து போறா. நாவல் எழுதினவ, திரைக்கதை எழுதினவர், கொல்ல வாற இயக்குநர் எண்டு எல்லாரும் கேமராவுக்கு முன்னால ஒருக்கா வந்து நிண்டிட்டுத்தான் போயிருக்கினம். பழைய விசிஆரின்ர பட்டியலில இவையளையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.